பூங்கா யாருக்குத் திறக்கிறது? சென்னையின் பொதுப் பசுமைவெளிகளும் பங்கீடும்

பொதுப் பசுமைவெளி என்பது, அரசுக்கோ உள்ளாட்சி அமைப்புக்கோ உடைமையாக இருந்து, எவரும் காரணம் சொல்லாமல் உள்ளே வந்து உட்காரவும் நடக்கவும் விளையாடவும் இடம் தருகிற, மரமும் மண்ணும் உள்ள நிலத்தைக் குறிக்கும். பூங்கா, விளையாட்டுத் திடல், ஏரிக்கரை, ஆற்றங்கரை, கடற்கரை ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். ஒரு நகரத்தில் இத்தகைய நிலம் எத்தனை ஏக்கர் இருக்கிறது என்று கேட்பது எளிது; மாநகராட்சிகளின் அறிவிப்புகளும் புதிய பூங்காக்களின் எண்ணிக்கையைச் சொல்லி அந்த ஒரு கேள்விக்குத்தான் விடையளிக்கின்றன. அந்த நிலம் எந்தப் பகுதியில் இருக்கிறது, அதன் வாயில் எப்போது திறந்திருக்கிறது, உள்ளே செல்ல எவ்வளவு கட்டணம், சென்றபின் எதைச் செய்ய அனுமதி உண்டு என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் பங்கீடு நியாயமானதா என்பது விளங்கும். இந்தக் கேள்விகளோடு சென்னையை அணுகினால், நகரில் பசுமை குறைந்துவிட்டது என்ற வழக்கமான புலம்பலுக்குப் பின்னால் இன்னொரு உண்மை தெரிகிறது: எஞ்சியிருக்கும் பசுமையும் சரி, புதிதாக உண்டாக்கப்படும் பசுமையும் சரி, அது யாருக்கு மிகுதியாகத் தேவையோ அவர்கள் இருக்கும் திசைக்குப் போவதில்லை.

சென்னைப் பூங்காக்களின் வரலாறு சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய நிலத்தில் தொடங்குகிறது. 1859இல் சென்னை மாகாண ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் டிரெவெலியனின் முயற்சியால் அங்கே சுமார் 116 ஏக்கரில் மக்கள் பூங்கா உருவாயிற்று. பார்க் டவுன் என்ற பகுதிப் பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது. குளங்களும் நடைபாதைகளும் இசைமேடையும் விலங்குக் காட்சிசாலையும் கொண்டிருந்த அந்தப் பூங்காவுக்குள் 1880களின் பிற்பகுதியில் விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. பிராட்வே நடைபாதை வணிகர்களுக்கு இடம் தருவதற்காக 1900இல் மூர் மார்க்கெட் வந்தது. 1913இல் மாநகராட்சியே தன் தலைமையகமான ரிப்பன் கட்டடத்தை அங்கே கட்டி முடித்தது. பின்னர் நேரு விளையாட்டரங்கம் ஒரு பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. விலங்குகள் 1985இல் வண்டலூருக்குப் போயின. அதே ஆண்டில் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலைய வளாகம் எழுந்தது. மை லேடீஸ் பூங்கா போன்ற சில துண்டுகளே எஞ்சின. இதில் கவனிக்க வேண்டியது, அந்த 116 ஏக்கரைத் தனியார் எவரும் வளைத்துப்போடவில்லை என்பதுதான். மண்டபம், சந்தை, அலுவலகம், விளையாட்டரங்கம், ரயில் நிலையம் என ஒவ்வொன்றும் பொதுநோக்கம்; ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. ‘காலி இடம்தானே’ என்ற ஒரே எண்ணத்தில் எல்லாம் கூடி ஒரு பூங்காவைத் தின்று தீர்த்தன.

பிற்காலத்தில் சட்டம் இந்த எண்ணத்துக்குக் கடிவாளமிட முயன்றது. 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம், உள்ளாட்சி அமைப்புகள் தம் எல்லைக்குள் உள்ள இத்தகைய நிலங்களைப் பட்டியலிட வேண்டும் என்றும், பட்டியலில் சேர்ந்த நிலத்தை அரசின் ஒப்புதலின்றி வேறு பயனுக்குத் திருப்பக் கூடாது என்றும் விதித்தது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட மனையைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்த ஆணையை 1991இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. பூங்கா நிலம் என்பது அரசு விரும்பியபோது விரும்பியவருக்கு அள்ளிக் கொடுக்கக்கூடிய இருப்பன்று என்ற கருத்து அதன்மூலம் நிலைபெற்றது. ஆனால் சட்டமும் தீர்ப்பும் இருக்கும் பூங்காவைத்தான் காக்க முடியும். பூங்காவே இல்லாத பகுதிக்கு அவற்றால் ஒன்றும் ஆவதில்லை.

எந்தப் பகுதியில் பூங்கா இருக்கிறது என்பது பெரும்பாலும் அந்தப் பகுதி எப்படிப் பிறந்தது என்பதைப் பொறுத்தது. 1920களில் மாம்பலம் ஏரிப்படுகையில் மனைப்பிரிவாக, அதாவது தெருக்களும் மனைகளும் பொது இடங்களும் முன்கூட்டியே வரைபடத்தில் குறிக்கப்பட்ட குடியிருப்பாக, தியாகராய நகர் உருவானபோது நடுவே பனகல் பூங்கா வந்தது. நடேசன் பூங்காவும் ஜீவா பூங்காவும் அதே பகுதியில் அமைந்தன. வீட்டுவசதி வாரியம் அமைத்த அண்ணா நகரில் 1968ஆம் ஆண்டின் சர்வதேச வர்த்தகப் பொருட்காட்சிக்காக எழுந்த கோபுரத்தைச் சுற்றி 15 ஏக்கர் பூங்கா நிலைத்தது. வரைபடத்தோடு பிறந்த இப்பகுதிகளுக்கு அலுவலர்களும் வழக்கறிஞர்களும் வணிகர்களும் குடிவந்தார்கள். வடசென்னையோ துறைமுகத்தையும் ரயில் பணிமனைகளையும் துணி ஆலைகளையும் ஒட்டி, வேலைக்கு நடந்து போகும் தொலைவில் குடிசையும் வரிசை வீடுமாக வளர்ந்தது. அங்கே தெருவுக்கே இடம் போதாதபோது பூங்காவுக்கு யார் கோடு போட்டிருப்பார்கள்? விதிவிலக்குகள் உண்டு. ராயபுரத்தின் ராபின்சன் பூங்காவில்தான் 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது. ஒரு தொழிலாளர் பகுதியின் பூங்கா மாநிலத்தின் அரசியலையே மாற்றிய மேடையாக இருந்திருக்கிறது. இன்று எந்த மாநகராட்சிப் பூங்காவிலும் ஒரு கட்சி தன் தொடக்கக் கூட்டத்தை நடத்துவதைக் கற்பனை செய்வதும் கடினம். அறிவிப்புப் பலகை முதல் வரியிலேயே தடுத்துவிடும்.

எவ்வளவு பசுமை போதுமானது என்பதற்கு இரண்டு வகையான அளவுகோல்கள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று தலைக்கணக்கு. இந்திய அரசின் நகர்ப்புறத் திட்டமிடலுக்கான 2014ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள், ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி என்று சொல்கின்றன. மற்றொன்று தொலைவுக்கணக்கு. குறைந்தது அரை எக்டேர் முதல் ஒரு எக்டேர் பரப்புள்ள பசுமைவெளி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 300 மீட்டருக்குள், அதாவது ஐந்து நிமிட நடையில், இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு பரிந்துரைக்கிறது. 2021இல் நகர்ப்புறக் காடு ஆய்வாளர் செசில் கோனைனண்டைக் முன்வைத்த ‘3-30-300’ விதியும் இந்த வகையைச் சேர்ந்ததே: வீட்டிலிருந்து பார்த்தால் மூன்று மரங்கள் தெரிய வேண்டும், வட்டாரத்தில் நூற்றுக்கு 30 பங்கு மரநிழல் இருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் பூங்கா இருக்க வேண்டும்.

இந்த இரண்டில் எதைக் கையிலெடுப்பது என்பது வெறும் கணக்குப் பிரச்சினையன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி விரிவாக்கத்துக்கு முந்தைய சென்னையில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 26,500 பேர் வாழ்ந்தார்கள். தலைக்குப் பத்து சதுர மீட்டர் என்றால் ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலும் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நிலம் பூங்காவாக இருந்தாக வேண்டும். வீட்டை இடிக்காமல் இது நடக்காது. நடக்காது என்று தெரிவதாலேயே இலக்கு கோப்பில் கிடந்து, யாரும் பொறுப்பேற்காத ஒரு நல்லெண்ணமாக முடிந்துவிடுகிறது. தொலைவுக்கணக்கு அப்படியன்று. 300 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 28 எக்டேர். அதில் அரை எக்டேர் என்பது நூற்றுக்கு இரண்டு பங்கைக்கூட எட்டாது. சென்னைக்காரர்களின் கணக்கில் அரை எக்டேர் என்பது 22 கிரவுண்டு. அந்த வட்டத்துக்குள் 7,500 பேர் வாழ்வார்கள் என்பதால் ஒருவருக்கு ஒரு சதுர மீட்டரும் கிடைக்காது, மாலையில் நெரிசல் இருக்கும், ஊஞ்சலுக்குச் சண்டை நடக்கும். ஆனாலும் ஐந்து வயதுக் குழந்தை பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துபோகும் தொலைவில் ஒரு இடம் இருக்கும். பத்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஐம்பது ஏக்கர் பூங்கா சராசரியை உயர்த்துமே தவிர அந்தக் குழந்தைக்கு உதவாது. ஆகவே வட்டாரம் வட்டாரமாக, 22 கிரவுண்டு எங்கே கிடைக்கும் என்று தேடுவதுதான் செய்யக்கூடிய காரியம்.

அந்த நிலத்தைத் தருவதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. கட்டுமானத் துறையினர் ஓ.எஸ்.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லும் திறந்தவெளி ஒதுக்கீடுதான் அது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனைப்பிரிவோ அடுக்குமாடியோ அமைப்பவர், சாலைகளைக் கழித்துவிட்டு எஞ்சும் பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சி அமைப்புக்கு இலவசமாகக் கொடுத்துவிட வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள நிலமென்றால், இடம் ஒதுக்க முடியாத நிலையில் அதற்கு ஈடான மதிப்பைப் பணமாகச் செலுத்தலாம். 3,000 சதுர மீட்டருக்குக் கீழே எந்தக் கடமையும் இல்லை.

விதி நல்ல விதிதான். இதனால் கிடைத்த பூங்காக்கள் பல. ஆனால் அது எங்கே பலன் தரும் என்று பார்த்தால் அதன் சாய்வு புலப்படுகிறது. பெரிய நிலம் கைமாறிப் பெரிய கட்டடம் எழும் இடத்தில்தான் ஒதுக்கீடு பிறக்கும்; பழைய மாமல்லபுரம் சாலை, போரூர், மேடவாக்கம் போன்ற வளரும் பகுதிகளில் அது ஏக்கர் கணக்கில் கிடைக்கும். அரை கிரவுண்டிலும் கால் கிரவுண்டிலும் வீடுகள் நெருங்கி நிற்கும் கொருக்குப்பேட்டையிலோ புளியந்தோப்பிலோ 3,000 சதுர மீட்டர் நிலம் ஒரே கையில் இருப்பது அரிது என்பதால் அங்கே விதிக்கு வேலையே இல்லை. ஆக, பசுமை பணத்தின் பின்னால் போகிறது. நெரிசலின் பின்னால் போவதில்லை. நிலத்துக்கு ஈடாகச் செலுத்தப்படும் பணம் இந்தச் சாய்வைச் சரிசெய்யும் கருவியாக இருக்க முடியும். ஒரு பகுதியில் வசூலான தொகையைக் கொண்டு பூங்கா இல்லாத வேறொரு பகுதியில் நிலம் வாங்குவது, எந்தக் கட்டட நிறுவனத்தின் இலாபத்தையும் தொடாமல் செய்யக்கூடிய பங்கீடு. அந்தத் தொகை எவ்வளவு, எந்த வட்டாரத்தில் எதற்குச் செலவாயிற்று என்ற கணக்கு வார்டுவாரியாக மக்கள் முன் வைக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கை அரசியல் மேடைகளில் எழுவதே இல்லை என்பது வியப்புக்குரியது.

கிடைத்த நிலமும் பொதுநிலமாகவே இருந்துவிடுவதில்லை. தானமாகக் கொடுக்கப்பட்ட இடம் பொதுச் சாலையிலிருந்து நேராகச் செல்லும்படி இருக்க வேண்டும் என்பது விதியின் நோக்கம். நடைமுறையில் அது குடியிருப்பு வளாகத்தின் பின்மூலைக்குத் தள்ளப்படுவதும், நலச்சங்கம் சுவர் எழுப்பி வாயிற்காவலரை நிறுத்துவதும், சில ஆண்டுகளில் ‘எங்கள் பார்க்’ என்று ஆகிவிடுவதும் நடக்கின்றன. பராமரிப்புச் செலவைத் தாங்களே ஏற்பதால் வெளியாரை ஏன் விட வேண்டும் என்பது சங்கங்களின் வாதம். மாநகராட்சி பராமரிக்கத் தவறிய இடத்தைக் குடியிருப்போர் பேணுவது பாராட்டத்தக்கது என்றாலும், பேணுகிறவர் உடைமையாளர் ஆகிவிட முடியாது. தானப் பத்திரத்தில் கையெழுத்தான அன்றே அந்த நிலம் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் பிள்ளைக்கும் உரியதாகிவிட்டது.

வடசென்னைக்கும் ஒரு பெரிய வாய்ப்பு வந்து போயிற்று. பெரம்பூரில் நூற்றாண்டுக்கு மேல் இயங்கிய பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. நகரின் மிக நெருக்கமான பகுதிகளில் ஒன்றின் நடுவே கிடைத்த அந்தப் பரந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுகின்றன. மூடிய ஆலைகளின் நிலத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு மும்பை 1991இல் துணிவான விடை ஒன்றை எழுதியது: மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு. 2001இல் அந்த விதி திருத்தப்பட்டு, ஆலைக் கட்டடங்கள் நின்ற நிலம் கணக்கிலிருந்து நீக்கப்பட்டு, வெற்றிடமாகக் கிடந்த பகுதிக்கு மட்டுமே மூன்றில் ஒரு பங்கு பொருந்தும் என்றாயிற்று. 2006இல் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. நகரத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய திறந்தவெளி ஒரு சொற்றொடர் மாற்றத்தில் சுருங்கியது. சென்னையிடம் திருத்தி நீர்க்கச் செய்வதற்குக்கூட அப்படியொரு விதி இருக்கவில்லை.

நிலத்தை அடுத்து வருவது கட்டணம். சென்னையின் அண்மைக்காலப் பெரிய பூங்காக்கள் பெரும்பாலும் நுழைவுச் சீட்டோடுதான் பிறக்கின்றன. கதீட்ரல் சாலையில் பழைய டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் உணவகம் இருந்த இடத்தில் 2010இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா ஓரளவு எளிய கட்டணத்தோடு தொடங்கியது. அதே சாலையில், வேளாண் தோட்டக்கலைச் சங்கத்திடமிருந்து அரசு மீட்ட நிலத்தில் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டபோது பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50 ரூபாய் என்று கட்டணம் வைக்கப்பட்டது. கம்பியில் தொங்கிச் செல்லும் ஜிப்லைனுக்குத் தனிக் கட்டணம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ளே கால் வைக்க 300 ரூபாய் ஆகிறது. அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் நாள் கூலி 319 ரூபாய். கிராமத்துக் கூலியை நகரத்துப் பூங்காவோடு ஒப்பிடுவது முழுமையாகப் பொருந்தாது என்றாலும், அரசின் ஒரு கை ஒரு நாள் உழைப்புக்கு எவ்வளவு மதிப்பு வைக்கிறது, மறு கை ஒரு மாலைப்பொழுதுக்கு எவ்வளவு விலை வைக்கிறது என்பதை இது காட்டுகிறது. பராமரிப்புக்குப் பணம் வேண்டாமா என்று கேட்பவர்கள், பூங்காவைச் சுற்றியுள்ள சாலைகளையும் தெருவிளக்குகளையும் மாநகராட்சி சீட்டுக் கொடுத்துப் பராமரிப்பதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கிண்டியில் இதே கேள்வி இன்னும் பெரிய அளவில் வரப்போகிறது. 1945 முதல் குதிரைப் பந்தயச் சங்கத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்த சுமார் 160 ஏக்கரை 2024 செப்டம்பரில் அரசு தன்வசம் எடுத்து, அதில் 118 ஏக்கரில் சூழலியல் பூங்கா அமைக்கப்படும் என்று அறிவித்தது. சங்கம் நீதிமன்றத்தை நாடியது. சிலரின் பொழுதுபோக்குக்காக அடைபட்டிருந்த நிலத்தைப் பலருக்குத் திறப்பது என்ற நோக்கில் இது மிகச் சரியான முடிவு. ஆனால் அருகிலேயே 270 எக்டேர் தேசியப் பூங்கா உள்ள தென்சென்னைக்கே இதுவும் போகிறது என்பதும், வாயிலில் எத்தனை ரூபாய்ச் சீட்டு வரப்போகிறது என்பதும் இப்போதே கேட்க வேண்டியவை.

கேட்டால் பலன் உண்டு என்பதற்கு அதே 2024 அக்டோபரில் நடந்த இன்னொரு நிகழ்வு சான்று. மாநகராட்சிக்குச் சொந்தமான ஒன்பது செயற்கைப்புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைக்கவும், விளையாடுவோரிடம் ஒரு மணி நேரத்துக்குத் தலைக்கு 120 ரூபாய் வசூலிக்கவும் மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. கால்பந்தைத் தெருவிளையாட்டாகவே வளர்த்தெடுத்த வியாசர்பாடியும் அந்தப் பட்டியலில் இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் தீர்மானம் கைவிடப்பட்டது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு கொண்டுவந்தார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. திடலைப் பராமரிக்க ஆளில்லை, தனியாரிடம் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்பதே அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் விடுபட்டது, ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் கொடுக்க முடியாத பையனுக்கு அந்தத் திடலைத் தவிர வேறு திடல் கிடையாது என்பது மட்டுமே.

கட்டணம் இல்லாத பூங்காவிலும் பூட்டு ஒரு தடையாக இருக்கிறது. காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் மட்டும் திறந்து, நடுப்பகலில் சங்கிலி போட்டுப் பூட்டுவது தமிழக நகரங்களின் பல பூங்காக்களில் நெடுநாளைய வழக்கம். இந்த நேர அட்டவணை ஒரு குறிப்பிட்ட மனிதரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது: காலையில் காலணி மாட்டிக்கொண்டு வாக்கிங் வந்து, எட்டு வடிவப் பாதையில் சுற்றி, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு அலுவலகம் செல்பவர். பகல் பன்னிரண்டு மணிக்குப் பூங்கா தேவைப்படுபவர்கள் வேறு ஆட்கள். இரண்டு வீட்டு வேலைகளுக்கு நடுவே ஒரு மணி நேர இடைவெளி உள்ள பெண், அடுத்த ஆர்டர் வரும்வரை வண்டியை நிறுத்திக் காத்திருக்கும் உணவு விநியோக இளைஞர், தகரக் கூரை வீட்டில் பகலைக் கழிக்க முடியாத முதியவர், வெளியூரிலிருந்து மருத்துவமனைக்கு வந்து உட்கார இடம் தேடும் குடும்பம் ஆகியோர் அவர்கள். மே மாத வெயிலில் பூங்காச் சுவருக்கு வெளியே, சுவரைத் தாண்டி விழும் மரநிழலில் இரு சக்கர வண்டிகள் வரிசையாக நிற்பதையும், அவற்றின் இருக்கையிலேயே ஆட்கள் சாய்ந்திருப்பதையும் நகரில் எவரும் பார்க்கலாம். நிழல் வெளியே சிந்திய அளவுக்குத்தான் அவர்களுக்குப் பங்கு. 2025இல் இத்தகைய தொழிலாளர்களுக்காக அண்ணா நகரில் குளிரூட்டப்பட்ட ஓய்வறை ஒன்றை மாநகராட்சி திறந்தது; வரவேற்க வேண்டிய செயல். ஆனால் எல்லா வட்டாரத்துக்கும் அது வருவதற்குள் பூட்டுகளைத் திறந்துவிடலாம். அதற்கு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டியதில்லை. பெங்களூர் மாநகராட்சி 2024 ஜூனில் தன் பூங்காக்களைக் காலை 5 மணி முதல் இரவு 10 மணிவரை இடைவெளியின்றித் திறந்துவைக்க முடிவெடுத்தது. பூட்டுவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் குடிப்பவர்கள், காதலர்கள், தூங்குபவர்கள் என்ற மூன்றுமே. முதலாவதற்குக் காவலர் போதும். மற்ற இரண்டும் குற்றங்களே அல்ல.

உள்ளே சென்றபின் யார் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறார்கள் என்பதிலும் பங்கீடு இருக்கிறது. வியன்னா நகராட்சி 1990களில் நடத்திய ஆய்வு, பத்து வயதை ஒட்டிப் பெண் குழந்தைகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைந்துபோவதைக் கண்டது. ஒரே பெரிய பந்துத் திடலைப் பையன்கள் பிடித்துக்கொள்ள, பெண்கள் போட்டியிடாமல் விலகிப்போனார்கள். 1999இல் அங்கே இரண்டு பூங்காக்களைத் திருத்தியமைத்தார்கள். பெருந்திடலைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, கைப்பந்துக்கும் பூப்பந்துக்கும் இடம் ஒதுக்கி, கூடுதல் வழிகள் வைத்தவுடன் பெண்கள் திரும்பி வந்தார்கள். சென்னைப் பூங்காக்களில் பிரச்சினை வேறு வடிவில் இருக்கிறது. நடைபாதைக்கும் அலங்காரச் செடிகளுக்கும் போக மிஞ்சும் சிறு இடத்திலும் பந்து விளையாடக் கூடாது, புல்லில் அமரக் கூடாது என்ற பலகை நிற்பதால், பையன்கள் தெருவுக்குப் போகிறார்கள். பெண்களுக்குத் தெருவும் இல்லை. கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் விளையாடும் பெண்ணுக்கு ஒரு திடல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு விளக்கம் தேவையில்லை: 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் கண்ணகி நகரின் பெண் ஒருவர் இருந்தார்.

மாடும் இரு சக்கர வண்டியும் நுழையாதபடி வைக்கப்படும் வளைந்த இரும்பு வாயில் சக்கர நாற்காலியையும் சேர்த்தே தடுக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பின்னும் அந்த வாயில்கள் பல இடங்களில் அப்படியே இருக்கின்றன. மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் மணலைக் கடந்து அலை வரை செல்வதற்கான மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டபோது, வாழ்நாளில் முதன்முறையாகக் கடல்நீரைத் தொட்டவர்கள் உண்டு. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயலில் அது சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது.

பசுமையே ஏழையை வெளியேற்றும் கருவியாகவும் ஆகலாம் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு பகுதியில் பூங்காவோ ஆற்றங்கரை நடைபாதையோ வந்ததும் நிலமதிப்பும் வாடகையும் ஏறி, அங்கே முன்பு வாழ்ந்தவர்கள் தங்க முடியாமல் போவதை ஆய்வாளர்கள் பசுமைவழிக் குடிப்பெயர்ப்பு என்கிறார்கள். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கே, பெரும்பாலும் கறுப்பினத்தவர் வாழ்ந்த செனகா வில்லேஜ் என்ற குடியிருப்பை 1857இல் அகற்றிய நிலத்தையும் உள்ளடக்கியது. சென்னையில் வாடகை ஏறும்வரை காத்திருப்பதும் இல்லை. கூவம் ஆற்றுச் சீரமைப்புத் திட்டத்தில் கரையோரக் குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைவான குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன; காலியான கரைகளில் பூங்காக்களும் நடைபாதைகளும் திட்டமிடப்பட்டன. வெள்ள ஆபத்து உண்மையானது, ஆற்றை மீட்பதும் அவசியமானது. ஆனாலும் தம் வீடிருந்த இடத்தில் அமையும் பூங்காவுக்கு இரண்டு பேருந்து மாறி வர வேண்டியவர்களிடம் அது அனைவருக்குமான பூங்கா என்று சொல்வதற்குச் சற்றுத் துணிச்சல் வேண்டும்.

நிலமே இல்லாத வட்டாரங்களுக்கு உடனடி வழி ஒன்று இருக்கிறது: பள்ளி மைதானங்கள். நியூயார்க் 2007 முதல் பள்ளிகளின் முற்றங்களை வகுப்பு முடிந்த பின்னரும் விடுமுறை நாள்களிலும் அக்கம்பக்கத்தாருக்குத் திறக்கத் தொடங்கியது. சென்னை மாநகராட்சியே நூற்றுக்கணக்கான பள்ளிகளை நடத்துகிறது; அவற்றில் பல, பூங்கா இல்லாத அதே நெருக்கடியான தெருக்களில் இருக்கின்றன. ஒரு காவலர், ஒரு விளக்கு, கழிப்பறையில் தண்ணீர் ஆகிய மூன்றும் இருந்தால் மாலை ஐந்து மணிக்கு மேல் அவை திடல்களாகிவிடும். ஓ.எஸ்.ஆருக்கு ஈடாக வந்த பணத்தை நிலமில்லாத வட்டாரங்களுக்குத் திருப்புவதும், பூங்காக்களின் பகல்பூட்டை அகற்றுவதும், அரசு அமைக்கும் பூங்காக்களில் நுழைவுக்கு மட்டுமாவது கட்டணத்தை நீக்கிக் கேளிக்கைகளுக்கு மட்டும் வசூலிப்பதும் இதற்கு அடுத்தபடியாகச் செய்யக்கூடியவை. புதிய சட்டம் எதுவும் இவற்றுக்குத் தேவையில்லை.

தம் தெருவின் மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்காவுக்கென்று குறிக்கப்பட்ட இடம் எது, அதன் தானப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, அங்கே இப்போது என்ன நிற்கிறது என்பதை அறிய விரும்புவோர் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடமும் மாநகராட்சியிடமும் கேட்டுப் பெறலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதற்கான விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.